முடியில்லா நாய்க்கு முடிவில்லாக் கேள்விகள்

போன இதழில், கோடையில் நாயைக் குளிப்பாட்டுவது பற்றிய ஒரு பதிலில் எங்கள் வீட்டுப் பழனியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சைனீஸ் கிரெஸ்டட் இனம், உடம்பில் ரோமம் கிடையாது, வயது 9. அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை முழுசாக எடுத்துக்கொண்டுவிட்டன. லாப்ரடார் வளர்ப்பவர்களும் நாட்டு நாய் வளர்ப்பவர்களும் ஒரு இதழ் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு அறிமுகம். கோவை வடவள்ளியில் 16 வருஷமாக நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டிவிடும் கடை வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை. முடி வெட்டியே பிழைக்கிற என்னிடம், வெளிநாடு கிளம்பிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரே ஈற்றில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு உச்சியிலும் பாதத்திலும் வால் நுனியிலும் மட்டும்தான் முடி. தங்கைக்கு உடம்பெல்லாம் முடி. பெயர் வைத்தது என் மாமியார். மொட்டையாக இருப்பவன் பழனி, புசுபுசுவென்று இருப்பவள் பஞ்சு. வாக்கிங் போகும்போது இன்றைக்கும் யாராவது கேட்பார்கள்: "ஏனுங்க்கா, மொட்டை போட்டுட்டு வந்தீங்களா?" பெயரைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

*எங்கள் குட்டிக்கு 7 மாதம். தோல் வறண்டுவிடக் கூடாது என்று தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் குளிப்பாட்டுகிறேன். அப்படியும் முதுகு முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். பிதுக்கி எடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். எடுக்கலாமா அக்கா?*
– திருச்சி வாசகி

முதலில் உங்கள் கணவரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பிதுக்கக் கூடாது.

அது கரும்புள்ளி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்கில் வருமே, அதேதான். இந்த நாய்களுக்கு முடி இல்லையே தவிர, மயிர்க்கால் குழிகள் இருக்கின்றன. முடி வளராத அந்தக் குழிக்குள் எண்ணெய்ப் பசையும் செத்த தோலும் சேர்ந்து அடைத்துக்கொண்டு கறுத்துப்போகும். முதுகுத்தண்டை ஒட்டித்தான் அதிகம் வரும். 7 மாதம் என்பது அதற்கு விடலைப் பருவம் வேறு, கொஞ்சம் வரத்தான் செய்யும். நீங்கள் அதன் மேல் எண்ணெயைத் தடவி மூடி போட்டுவிட்டீர்கள். பிதுக்கினால் தோலுக்கு அடியிலேயே உடைந்து சீழ் வைக்கும், தழும்பும் நிற்கும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே தப்பை நானும் செய்தவள்தான். பழனி வந்த புதிதில் மாமியார் காங்கேயத்திலிருந்து செக்கு எண்ணெய் வரவழைத்து, ராத்திரி சீரியல் பார்த்தபடியே அவனுக்குத் தேய்த்துவிடுவார். அவனும் சுகமாகக் கால் நீட்டிப் படுத்துக்கொள்வான். மூன்றே மாதத்தில் முதுகில் கேழ்வரகைத் தூவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் முதுகைத் தடவி, விரலை மோந்து பார்த்துவிட்டு, "தாளிக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

அவர் எழுதித் தந்தது பென்சாயில் பெராக்சைடு சேர்ந்த நாய் ஷாம்பு. முதல் மாதம் வாரத்துக்கு 2 தடவை. தேய்த்தவுடன் கழுவிவிடக் கூடாது, 10 நிமிஷம் ஊற வேண்டும். அந்த 10 நிமிஷம்தான் பெரும்பாடு. நக்கவிடக் கூடாது, உதறவிடக் கூடாது, கண்ணில் பட்டுவிடவும் கூடாது. குளியலறை ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் முகத்தை என் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த மருந்து துணியின் சாயத்தை வெளுத்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமியாரின் நீலத் துண்டு மேகம் மேகமாக வெளுத்துப்போனது. நீங்கள் பழைய வெள்ளைத் துண்டையே எடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் முகப்பருவுக்கு விற்கும் களிம்பை நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள், அதில் வீரியம் அதிகமாக இருக்கும். டாக்டர் பார்த்து எழுதிக்கொடுக்கட்டும். முதுகு தெளிந்ததும் சாதாரண ஷாம்புவுக்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் காய்ந்து செதில் செதிலாக உரியும்.

தினசரிக் குளியலையும் நிறுத்துங்கள். பழனிக்கு வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு. ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. போர்வெல் உப்புத் தண்ணீரில் ஷாம்பு சரியாக நுரைக்காது, கழுவினாலும் முழுசாகப் போகாது. அதனால் எங்கள் வீட்டில் பழனிக்குச் சிறுவாணித் தண்ணீர், எங்களுக்குப் போர்வெல். மனிதர் சோப்பு வேண்டாம். நாயின் தோலும் நம் தோலும் ஒரே புளிப்புத்தன்மை கொண்டவை அல்ல, நம் சோப்பு அதன் தோலை இழுத்துப் பிடிக்கும். கடலை மாவு, பயத்தமாவு, சீயக்காய் எல்லாம் நல்ல சாமான்தான். ஆனால் அந்த நரநரப்பு வெறும் தோலைக் கீறும், விரலிடுக்கில் தங்கிப் புளிக்கும். வாசனை போடாத நாய் ஷாம்பு போதும்.

செத்த தோலை எடுக்கப் பீர்க்கங்கூட்டால் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். நைந்துபோன வேட்டித் துணியை நனைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு மூன்றையும் இன்னொரு முறை கழுவுங்கள். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம், வாசனையில்லாத, தண்ணீர்ப்பதமான லோஷன். 5 கிலோ நாய்க்கு எவ்வளவு என்கிறீர்கள்? ஒரு சுண்டைக்காய் அளவு. உள்ளங்கையில் பரப்பிக்கொண்டு உடம்பு முழுக்கத் தடவிவிட்டால் முடிந்தது. இடைப்பட்ட நாட்களில் ஈரத்துணியால் ஒரு துடை, அவ்வளவுதான்.

நல்ல தோலுக்கு என்ன அடையாளம் என்றால், வாட்டிய வாழையிலையை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் மெத்தென்று வளையும், லேசாக மினுக்கும், ஆனால் விரலில் ஒன்றும் ஒட்டாது. உங்கள் விரலில் பசை ஒட்டினால் நீங்கள் பூசியது அதிகம்.

*வெயிலில் கூட்டிப்போகலாமா? நாங்கள் பூசிக்கொள்ளும் சன்ஸ்கிரீனையே பூசலாமா?*
– மதுரை வாசகர்

பூசக் கூடாது. பெரும்பாலான சன்ஸ்கிரீன்களில் துத்தநாக ஆக்சைடோ சாலிசிலேட்டோ இருக்கும். நாய் பூசியதை நக்காமல் இருக்காது. துத்தநாகம் வயிற்றுக்குள் போனால் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் கொண்டுபோய் விடும். நாய்க்கென்றே செய்த, நக்கினாலும் கெடுதல் இல்லாத சன்ஸ்கிரீன் இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு வாங்கி, காது நுனி, மூக்கு, முதுகு மூன்றிலும் பூசுங்கள். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், துணிதான் முதல் வைத்தியம்.

பழனி சாம்பல் நிறம். இடது விலாவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு. ஒரு பங்குனி மாதம் மாமியார் மொட்டை மாடியில் ஜவ்வரிசி வடகம் ஊற்றிவிட்டு, காக்கா விரட்ட இவனைக் காவல் வைத்தார். காவல்காரர் இரண்டு வேட்டிகளுக்கு நடுவே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிவிட்டார். முக்கால் மணி நேரம் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் அந்த ரோஸ் திட்டு செம்பருத்திப்பூ நிறத்தில் கொதிக்கிறது, தொடவிடவில்லை. மூன்றாம் நாள் வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. பக்கத்திலேயே இருந்த சாம்பல் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிர் தோல்தான் முதலில் பொசுங்கும். அதற்காகக் கறுத்த தோல் தப்பித்துவிடும் என்று அர்த்தமில்லை, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். திரும்பத் திரும்பப் பொசுங்கினால் பிற்காலத்தில் தோல் புற்றுநோய் வரை போகலாம்.

சிவந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டுப் போட்டு எடுங்கள். ஐஸ்கட்டி, தயிர், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

மதுரை வெயிலுக்குக் காலை 8 மணிக்கு முன், மாலை 5 மணிக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரம் வெளியே போயே ஆக வேண்டும் என்றால் குழந்தைகளின் முழுக்கைப் பருத்தி பனியன் போட்டுக் கூட்டிப்போங்கள். நைலான் வேண்டாம், புழுங்கி வேர்க்குரு மாதிரி பொரிந்துவிடும். இவனுக்கு வெயில் காய்வதென்றால் உயிர். காலையில் 10 நிமிஷம் படுத்துக்கொள்ளட்டும் என்று விடுவேன், அப்புறம் தூக்கி நிழலில் போட்டுவிடுவேன். முறைப்பான். முறைக்கட்டும்.

ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களும் இதைக் கவனியுங்கள். வெள்ளை முடிக்குக் கீழே உங்கள் நாய்க்கும் ரோஸ் தோல்தான். மூக்கும் காது நுனியும் அங்கேயும் பொசுங்கும்.

*தொட்டால் எப்போதும் சுடுகிறது. காய்ச்சலா?*
– சென்னை வாசகி

இல்லை. எல்லா நாய்க்கும் உடம்புச் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம்மைவிட அதிகம். மற்ற நாய்களில் முடி நடுவில் இருந்து அதை மறைக்கிறது, இங்கே நம் கை நேராகத் தோலில் படுகிறது. சந்தேகமாக இருந்தால் தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கையால் தொட்டுச் சொல்வது இந்த நாய்க்குச் செல்லாது. குளிர்காலத்தில் இந்தச் சூடு ஒரு வசதி. மாமியாரின் முழங்கால் வலிக்குப் பழனிதான் ஒத்தட மூட்டை. மெக்சிகோவிலும் பெருவிலும் மூட்டு வலிக்காரர்கள் தங்கள் ஊர் முடியில்லாத நாய்களை வைத்துக் காலங்காலமாக இதையே செய்திருக்கிறார்கள்.

*குன்னூர்க் குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர் பின்னிப் போட்டேன். கழுத்தையும் நெஞ்சையும் சொறிந்துகொண்டே இருக்கிறது.*
– குன்னூர் வாசகி

பின்னின கைக்கு ஒரு கும்பிடு. ஆனால் கழற்றிவிடுங்கள். இந்த இனத்தில் சில நாய்களுக்குக் கம்பளியும், கம்பளியிலிருந்து எடுக்கும் லனோலினும் ஆகாது. லனோலின் பல லோஷன்களிலும் இருக்கும், பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய பருத்தி பனியன், அதன்மேல் ஃப்ளீஸ் துணியில் தைத்த சட்டை. கம்பளியை விடவே மனம் வரவில்லையென்றால் பனியனுக்கு மேலே போடுங்கள், கழுத்தில் மட்டும் தோலில் படாமல் மடித்துத் தைத்துவிடுங்கள். துவைத்த பிறகு இன்னொரு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள். சோப்புத் தூள் மிச்சம் இருந்தாலும் இதே சொறிச்சல் வரும். சட்டையைத் தினமும் ஒரு தடவையாவது கழற்றி அக்குளைப் பாருங்கள். உராய்ந்து புண்ணாவது முதலில் அங்கேதான்.

*எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் இதைச் சொறி நாய் என்கிறார்கள். லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று அசோசியேஷனில் புகார். பக்கத்துக் கடையில் ஒரு களிம்பு கொடுத்தார்கள், 2 வாரமாகப் பூசுகிறேன். ஊரிலிருந்து வந்த மாமா வண்டியில் வடித்த ஆயிலைத் தடவச் சொல்கிறார்.*
– சேலம் வாசகர்

மாமாவுக்கு முதலில் காபி கொடுத்து உட்கார வையுங்கள். வங்கு, அதாவது தோல் பூச்சியால் வரும் சொறி, பிடித்த நாய்க்கு வேஸ்ட் ஆயில் தடவுவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. அது விஷம். தோல் வழியாகவும் இறங்கும், நக்கினால் நேராகவே இறங்கும். முடியில்லாத தோலில் தடவினால் வெந்துவிடும்.

அடுத்தது அந்தக் களிம்பு. டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா? அது ஸ்டீராய்டு. நம் ஊர்க் கடைகளில் படர்தாமரைக்கென்று கேட்டால் பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்த டியூபைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். பூசினால் ஒரு வாரம் அழகாக இருக்கும், அப்புறம் தோல் மெலிந்து காகிதம் மாதிரி ஆகும். 2 வாரம் பூசியாகிவிட்டதால், நீங்களாக எதுவும் முடிவெடுக்காமல் டாக்டரிடம் காட்டி எப்படி விடுவது என்று கேளுங்கள்.

இது வங்கா, இயல்பா என்று தெரிந்துகொள்ளும் வழி சுலபம். இந்த இனத்து நாய் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். தோல் ஒரே சீராக இருக்கும், அரிக்காது. வங்கு அப்படி இல்லை. காது விளிம்பிலும் முழங்கை முனையிலும் பொருக்குத் தட்டும், நாய் ராத்திரி தூங்காமல் சொறியும், பக்கத்தில் படுத்தவர்களுக்கும் அரிக்கும். இன்னொரு வகைப் பூச்சி கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் பாதத்திலும் செம்மையாக ஆரம்பிக்கும். முடியில்லாத நாய்க்கும் இவை வரலாம் என்பதால் கண்ணால் பார்த்துச் சத்தியம் செய்ய முடியாது. டாக்டர் பிளேடின் விளிம்பால் தோலை லேசாகச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அங்கேயே, நாம் காத்திருக்கும் நேரத்திலேயே பார்த்துவிடுவார். சில சமயம் பூச்சி இருந்தும் கண்ணில் படாமல் போகலாம். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தானே, ஒரு நடை போய் வாருங்கள்.

போனால் ஒரு கடிதமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: 'இது இனத்தின் இயல்பு, தொற்று இல்லை' என்று இரண்டு வரி. பழனியின் கடிதத்தை லேமினேட் செய்து, வாக்கிங் பையில் தடுப்பூசிப் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன். ஒரு தடவை பூங்கா வாட்ச்மேன் எங்களை வாசலிலேயே மறித்துவிட்டார். கடிதத்தை நீட்டினேன். முழுசாகப் படித்தார், பழனியைப் பார்த்தார், மறுபடி படித்தார். "பாவம், படிக்க வெச்சிருக்கீங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். என்ன நினைத்துச் சொன்னார் என்று இன்றுவரை புரியவில்லை. அசோசியேஷன்காரர்களிடம் இதையும் சொல்லுங்கள்: வளர்ப்பு நாய் வைத்திருப்பதற்கு அவர்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலே இருக்கிறது. ஆனால் சண்டை போடாதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கவிடுங்கள். பாதிப் புகார் அங்கேயே போய்விடும்.

*முடியில்லாத நாய் என்று வாங்கினோம், முதுகிலும் முகத்திலும் அங்கங்கே முடி முளைக்கிறதே! ஹேர் ரிமூவர் க்ரீம் போடலாமா?*
– புதுச்சேரி வாசகி

ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். முடியில்லாதவற்றிலும் கொஞ்சம் முடி முளைக்கிறவை நிறைய உண்டு. பழனிக்கே இடுப்பில் ஒரு பட்டை முளைக்கும். அது இருந்தால் நாய்க்கு ஒரு கெடுதலும் இல்லை, உறுத்துவது நம் கண்ணுக்குத்தான்.

க்ரீம் வேண்டாம். முடியைக் கரைக்கிற காரம் அந்தத் தோலையும் வேகவைக்கும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரில் 40-ஆம் நம்பர் பிளேடு போட்டு, முடி படிந்திருக்கும் திசையிலேயே ஓட்டுங்கள். இது என் தொழில், அதனால் அடித்துச் சொல்கிறேன்: எதிர்த்திசையில் ஓட்டினால் வழுவழுவென்று வரும், 4 நாளில் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து பருவாகும். பிளேடு 5 நிமிஷத்தில் சூடாகிவிடும், அடிக்கடி உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்குத் தோல் மடிப்பைக் கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள், இல்லையென்றால் மடிப்பு பிளேடில் மாட்டும். எடுத்த அன்றே கழுவிவிடுங்கள், லோஷன் மறுநாள் போதும்.

உச்சிக் குடுமி, பாத முடி, வால் குஞ்சம் மூன்றையும் வாரத்துக்கு 2 தடவை சீவினால் சிக்கு விழாது. நகம் வெட்டும்போது மட்டும் ஜாக்கிரதை. இந்த இனத்துக்கு விரல்கள் முயல் பாதம் மாதிரி நீளம், நகத்துக்குள் ரத்த நாளமும் நீண்டு வரும். ஒரேயடியாக வெட்டாமல் 10 நாளைக்கு ஒரு முறை நுனியை மட்டும் சீவுங்கள்.

*2 வயதுதான் ஆகிறது, கடைவாய்க்கு முன்னால் பாதிப் பல் இல்லை. கோரைப்பல் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?*
– ஈரோடு வாசகர்

இல்லை. முடி இல்லாததும் பல் இல்லாததும் ஒரே காரணத்தால்தான். 2008-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஃபாக்ஸ்-ஐ3 என்ற மரபணுவில் 7 எழுத்துகள் இரண்டு தடவை வந்துவிட்ட எழுத்துப்பிழை. கருவில் தோல், முடி, பல் எல்லாம் ஒரே படலத்திலிருந்து உருவாவதால் பிழை முடியோடு நிற்காமல் பல்லையும் பிடிக்கிறது. பஞ்சுவின் வாயைத் திறந்து பார்த்தால் பல் முழு வரிசையாக இருக்கும். பழனிக்கு இப்போது மிச்சம் 14.

அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இந்தப் பிழையை வாங்கிய கரு பிறப்பதே இல்லை, வயிற்றிலேயே கரைந்துவிடும். அதனால் முடியில்லாத இந்த நாய் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துப் பிழையை மட்டும் சுமக்கிறது. முடியில்லாத ஜோடியைச் சேர்த்தாலும் பிறக்கும் குட்டிகளில் சராசரியாக மூன்றில் ஒன்று பஞ்சு மாதிரி முடியோடுதான் வரும். 'எங்களிடம் எல்லாக் குட்டியும் மொட்டைதான்' என்று உத்தரவாதம் தருகிறவரிடம் வாங்காதீர்கள்.

இருக்கிற பல்லைக் காப்பாற்றுங்கள். தினமும் ராத்திரி விரலில் மாட்டும் பிரஷ், நாய்க்கான பேஸ்ட். நம் பேஸ்ட் ஆகாது, சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயைக் கொன்றுவிடும். எலும்பு கடிக்கக் கொடுக்காதீர்கள். சோற்றைக் கொஞ்சம் குழைவாகப் பிசைந்து வையுங்கள், பல் இல்லாத வாய்க்கு அது போதும், நன்றாகவே சாப்பிடும்.

*மகளுக்கு ஆஸ்துமா. முடியில்லாத நாய் என்றால் பயமில்லைதானே?*
– தஞ்சாவூர் வாசகி

அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஒவ்வாமை முடியால் வருவதில்லை. நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதத்தால் வருகிறது, அது இந்த நாய்க்கும் உண்டு. வீடெல்லாம் முடி பறக்காது என்பது மட்டும் நிஜம். வாங்குவதற்கு முன், இந்த நாய் இருக்கும் ஒரு வீட்டில் மகளை 4, 5 தடவை ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். அவளுடைய டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

*இங்கே ஒருவர் மெக்சிகோவின் ஷோலோ நாய் தருகிறேன் என்கிறார். அதுவும் கிரெஸ்டட் மாதிரிதானா? ரொறன்ரோ குளிர் தாங்குமா?*
– கனடா வாசகர்

முழுப் பெயர் ஷோலோயிட்ஸ்குயின்ட்லி. கூப்பிட்டு முடிப்பதற்குள் நாய் தெருமுனைக்குப் போய்விடும், அதனால்தான் எல்லோரும் ஷோலோ என்கிறார்கள். ஷோலோட்டில் என்பது ஆஸ்டெக் மக்களின் தெய்வம், இட்ஸ்குயின்ட்லி என்றால் நாய். செத்தவர்களைப் பாதாளத்துக்கு வழிகாட்டி அழைத்துப்போவது இந்த நாய் என்று நம்பினார்கள். தருமருக்குத் துணையாகக் கடைசிவரை நடந்த நாயை என் மாமியார் நினைவுபடுத்துகிறார். மெக்சிகோவின் கொலிமா பகுதிக் கல்லறைகளில், 1,500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட, கொழுகொழு நாய் மண்பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. ஓவியர் ஃப்ரீடா காலோ ஷோலோ வளர்த்தவர். பெரு நாட்டில் அவர்களுடைய முடியில்லாத நாயை 2001-ல் தேசியப் பாரம்பரியச் சொத்தாகவே அறிவித்தார்கள்.

மெக்சிகோ, பெரு, சைனீஸ் மூன்றுக்கும் நான் மேலே சொன்ன அதே எழுத்துப்பிழைதான், ஆகவே பல் கதையும் தோல் கதையும் ஒன்றுதான். ஷோலோ 3 அளவுகளில் வரும், பெரியது நம் சிப்பிப்பாறை உயரத்துக்குக்கூட நெருங்கும், எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கன் ஹேர்லெஸ் டெரியர் மட்டும் தனி வம்சம். 1972-ல் லூசியானாவில் பிறந்த ஒரு மொட்டைக் குட்டியிலிருந்து வந்தது, மரபணுவும் வேறு, பல்லும் முழுசாக இருக்கும்.

குளிர் தாங்காது. கோட்டும் பூட்ஸும் வேண்டும். நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பு பாதத்தை வெடிக்கவைக்கும், வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடையுங்கள். திருச்சி வாசகிக்கு நான் சொன்னது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஹீட்டர் காற்று வீட்டுக்குள் எல்லாவற்றையும் உலர்த்திவிடும், வாரத்துக்கு 3 தடவை லோஷன் தேவைப்படலாம். அங்கேயும் சுண்டைக்காய் அளவுதான். சுண்டைக்காய் கிடைக்காத ஊர் என்றால் பட்டாணி அளவு.

*கொசுவும் உண்ணியும் பிடுங்குகிறது. தேங்காய் எண்ணெயில் சூடம் காய்ச்சிப் பூசலாம் என்றார்கள்.*
– நாகர்கோவில் வாசகி

பூசாதீர்கள். சூடம் நாய்க்கு விஷம், தோல் வழியாகவே ஏறி வலிப்பு வரை கொண்டுபோகும். டீ ட்ரீ ஆயிலும் அப்படித்தான். நாம் கையில் தடவிக்கொள்ளும் கொசு க்ரீமும் கூடாது.

உண்ணி விஷயத்தில் இந்த நாய்க்கு ஒரு லாபம் இருக்கிறது, ஒளிய இடமில்லை. தினமும் ராத்திரி காது உள்மடிப்பு, குடுமி அடி, விரலிடுக்கு, வாலடி பாருங்கள். இருந்தால் தலையோடு சேர்த்து இடுக்கியால் நேராக இழுங்கள், தீக்குச்சி வைக்காதீர்கள். முதுகில் ஊற்றும் சொட்டு மருந்து பழனிக்கு எரிந்து சிவந்துவிட்டது. அதற்கப்புறம் டாக்டர் எடை பார்த்து மாத்திரைக்கு மாற்றினார். வலிப்பு வந்த நாயாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சில உண்ணி மாத்திரைகள் அவற்றுக்கு ஆகாது. கொசு வழியே பரவும் புழுக்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு, அதே நடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்குக் கொசுவலைதான். கைக்குழந்தைக்குக் கவிழ்த்து வைப்போமே, குடை மாதிரி மடங்குமே, அது 5 கிலோ நாய்க்கு அளவாக இருக்கும். பழனி 9 மணிக்கெல்லாம் தானே போய் அதன் முன்னால் நின்றுகொள்வான், தூக்கி உள்ளே விட வேண்டும். போன வாரம் பஞ்சுவுக்குப் பொறாமை வந்து ஒரு பக்கத்தைக் கடித்துக் கிழித்துவிட்டாள். இப்போதைக்கு மாமியார் தைத்து வைத்திருக்கிறார், வேறு வாங்க வேண்டும்.